ஐந்து ஐம்பதுக்கு நிற்கும் வேன்

நாகஜோதி பிறந்தது செம்பட்டியில், 1982 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. எட்டாம் வகுப்பு வரை படித்தாள். இருபத்தொன்றாம் வயதில் சித்தையன்கோட்டை பொன்னுத்துரைக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் லாரி ஓட்டுநர். இங்கிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவான், அங்கிருந்து ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்புவான். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். 2009 இல் நாக்பூரிலேயே ஒரு தமிழ் மண்டிக்காரரிடம் வேலை கிடைத்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு போனான். அங்கே பதினாறு வருடம். பிள்ளை இல்லை. அவன் இரவெல்லாம் லாரி ஓட்டினான். அவள் விடியற்காலையில் இட்லி அவித்து, ஒரு பழைய ஆம்னி வேனில் வைத்து, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனை வாசலில் விற்றாள். அந்த மூன்று கிலோமீட்டருக்காகத்தான் 2017 இல் லைசென்ஸ் எடுத்தாள். காலை நேரத்து நெரிசலில் மூன்றாவது கியரைத் தாண்டி அவள் போட்டதே கிடையாது.

அவளிடம் இன்னொரு வேலையும் இருந்தது. லாரிக்கு ட்ரிப் ஷீட் எழுத வேண்டும். பொன்னுத்துரையின் கையெழுத்து அவனுக்கே புரியாது. அவன் பீடிக்கட்டின் தாளில் கிறுக்கிக் கொண்டுவருவதை அவள் நீளநோட்டில் கட்டம் போட்டு எழுதி வைப்பாள். தேதி, நேரம், ஊர், கிலோமீட்டர், ஓட்டுநர் என்று ஐந்து கட்டம். பதினாறு வருடத்தில் பதினொரு நோட்டு ஆகியிருந்தது. இரவு எட்டு மணிக்குப் புறப்பாடு, காலை பதினொன்றுக்கு நிறுத்தம். பகலில் தூங்கி இரவில் ஓட்டுவது அவன் வழக்கம் என்று எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தெரியும்.

2025 மார்ச் மாதம் மண்டிக்காரர் அவனை நிறுத்திவிட்டார். வண்டிகளைக் குறைக்கிறார்கள் என்று பொன்னுத்துரை சொன்னான். அவள் தம்பி ஈஸ்வரன் திண்டுக்கல்லில் மின்சாமான் கடை வைத்திருந்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பஸ் ஓட்டுநர் வேலை காலியாக இருப்பதாகவும், வண்டிப் பொறுப்பாளர் முத்துக்கிருஷ்ணன் தனக்குப் பழக்கம் என்றும் போன் செய்தான். ஊர் ஊராகப் போய் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க வேண்டும். ஜூலை 15 இல் சேர வேண்டும். பேகம்பூரில் காதர் பீவி என்கிற அம்மாளின் மாடி வீட்டையும் அவனே பேசி முடித்தான். இருவரும் கிராமத்துப் பிள்ளைகள். திண்டுக்கல்லில் சந்தைக்கு வந்து பஸ் ஏறியதைத் தவிர ஒரு நாள்கூட அந்த ஊரில் குடியிருந்ததில்லை.

ஆடியில் குடி போகக் கூடாது. ஆடி பிறப்பது ஜூலை 17. அதற்கு முன்னால் கடைசி முகூர்த்தம் ஆனி 30, திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு இருபது வரை. அதைத் தாண்டினால் ராகு காலம். அதையும் விட்டால் ஆவணி வரை தம்பி வீட்டில் ஒண்டிக்கிடக்க வேண்டும். ஆகவே பால் காய்ச்சும் நேரம் குறித்தாயிற்று.

பொன்னுத்துரை வியாழக்கிழமை புறப்படலாம் என்றான். நாகஜோதி ஒத்துக்கொள்ளவில்லை. வியாழன் தெற்கே சூலம். குடும்பத்தோடு தெற்கு நோக்கிக் குடிபெயர்கிறவர்கள் அன்றைக்குக் காலடி எடுத்து வைப்பார்களா?

"நல்லெண்ணெயத் தலைல தொட்டு வச்சுட்டுக் கிளம்புனா சூலம் ஒண்ணும் பண்ணாது. ஊரெல்லாம் அப்படித்தான் போகுது."

"அது சந்தைக்குப் போறவுகளுக்கு. நாம அடுப்பத் தூக்கிட்டுப் போறோம்."

இருபது வருடம் எந்தத் திசைக்கு எந்த நாளில் சூலம் என்று கேட்காமல் லாரி ஓட்டியவன், அந்த ஒரு நாளுக்காக அன்று அரைமணி நேரம் சண்டை போட்டான். அவளுக்கு அது புதிதாக இருந்தது. கடைசியில் அவள் பேச்சுதான் நின்றது. வெள்ளிக்கிழமை, ஜூலை 11, காலை 5.40க்கு ஆம்னி புறப்பட்டது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு கிரைண்டர், பாத்திரம், துணிமூட்டை, தையல் மெஷின் எல்லாம் ஏற்றியிருந்தார்கள். பால் காய்ச்சும் புதுப்பானை மட்டும் அவள் மடியில் இருந்தது. கிலோமீட்டர் 61,204. போக வேண்டியது ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு.

முதல் நாள் நிர்மல் தாண்டியதும் டயர் பஞ்சரானது. ஒரு மணி நேரம் போயிற்று. இருந்தாலும் வெளிச்சம் நன்றாக இருந்தது, ஹைதராபாத்தைத் தாண்டிவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். காமாரெட்டி வந்ததும் அவன் வண்டியை ஓரம் கட்டினான். முதுகு வலிக்கிறதாம். அவள் எழுதினாள்: 5.50, காமாரெட்டி, 61,591.

லாட்ஜில் மாடிப்படி ஏறும்போது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டே ஏறினான். முதுகுதான் என்று அவளும் நினைத்தாள்.

இரண்டாம் நாள் 5.45க்குப் புறப்பட்டார்கள். நாலரை மணிக்கு மேல் அவன் ஒரு விளையாட்டு ஆரம்பித்தான். வழியில் வரும் பச்சைப் பலகைகளையெல்லாம் அவள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இடது பக்கம் ஆடு மாடு, சைக்கிள், குறுக்குச்சாலை எது வந்தாலும் சொல்ல வேண்டும். எதற்கு என்று கேட்டாள். நீ தூங்கிவிட்டால் எனக்கும் தூக்கம் வரும் என்றான். தமிழ் கிடையாது, தெலுங்கு அவளுக்குத் தெரியாது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் தப்பாக வாசித்ததற்கெல்லாம் அவன் சிரித்தான். கூட்டி முடிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடுகிறது, நீ வாசிக்கிற ஊரெல்லாம் நமக்குப் பின்னால்தான் இருக்கும் போல என்று கேலி செய்தான். அனந்தபூரில் மறுபடியும் ஓரம் கட்டினான். இந்தத் தடவை வயிறு சரியில்லை. 5.55, அனந்தபூர், 62,063.

அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஆளுக்குத் திண்டுக்கல் வர மனமில்லையோ என்று நினைத்தாள். மச்சினன் தேடிக்கொடுத்த வேலை, மச்சினன் பார்த்த வீடு. கல்யாணத்தன்று மச்சினன் வாங்கிக் கொடுத்த சட்டை அளவு சரியில்லை என்பதற்கே மூன்று வருடம் ஈஸ்வரனோடு முறைத்துக்கொண்டிருந்தவன். வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தி முகூர்த்தத்தைத் தவறவிடப் பார்க்கிறானா? இப்படி நினைத்துக்கொண்டேதான் அவள் நோட்டைப் புரட்டினாள். 5.50. 5.55. பழைய நோட்டுகள் மூட்டைக்குள் இருந்தன, அவற்றைப் பிரிக்கத் தேவையில்லை. இரவு எட்டு மணிக்கு லாரி எடுத்த மனுஷன், சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு நாளும் நின்றிருக்கிறான். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டு, ஜன்னல் வெளுக்கும் வரை சும்மா உட்கார்ந்தும் இருந்திருக்கிறான். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. மனமில்லாதவன் மூன்று மணிக்கு ஏன் எழுந்திரிக்கிறான் என்பது மட்டும் உறுத்தியது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. 5.40க்கு எடுத்தார்கள். பெங்களூர் நெரிசலில் இரண்டு மணி நேரம் போனது. கிருஷ்ணகிரியில் சாப்பாடு. அதற்குமேல் அவன் எங்கும் நிற்கவில்லை. டீக்குக்கூட நிறுத்தாமல், எண்பதில், சேலம், நாமக்கல் என்று விரட்டினான். அவள் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படி அவன் ஆம்னியை ஓட்டி அவள் பார்த்ததில்லை. பகலோடு பந்தயம் ஓடுகிறவன் போல இருந்தது.

கரூர் வெளிவட்டச் சாலையில் வண்டியை நிறுத்தியபோது மணி 5.50. கிலோமீட்டர் 62,617. இன்னும் எண்பது.

"இங்கன தங்கிட்டு விடியக்காலம் போயிருவோமா?" என்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

விடிந்து 5.40க்கு எடுத்தால் பேகம்பூர் சேர்ந்து சாமான் இறக்க ஏழரை ஆகும். பால் காய்ச்ச முடியாது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஈஸ்வரன் போன் வந்தது. முத்துக்கிருஷ்ணன் சார் காலை ஆறரைக்கு வீட்டுக்கே வருகிறாராம், பஸ் ரூட்டைப் பற்றி நேரில் பேசிவிட. கரூரிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானே, மச்சான் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவாரே என்றான். நாகஜோதி போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். "எம்பது கிலோமீட்டருக்கு ஒரு ராத்திரி தங்குறவகளா நீங்க?" என்றாள். பின்னாளில் அவள் அதிகம் நினைத்து வருந்தியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

5.58க்கு வண்டியை எடுத்தான்.

அரவக்குறிச்சி வரை சரியாகத்தான் போனது. ஆனிக் காற்று பக்கவாட்டில் அடித்து வேனை ஆட்டியது. காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. மேற்கே பழனி மலைப் பக்கம் மேகம் திரண்டு, சூரியன் மறைவதற்கு முன்பே வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. 6.30க்கு அவன் பலகை வாசிக்கச் சொன்னான். இப்போது தமிழ்ப் பலகைகள். அவள் தடையில்லாமல் வாசித்தாள். வாசிக்க வாசிக்க வேக முள்ளைக் கவனித்தாள். அறுபதில் இருந்தது ஐம்பதுக்கு வந்தது. பிறகு நாற்பது. பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்துத் தாண்டின. அவன் கழுத்தை முன்னால் நீட்டி, ஸ்டியரிங்கோடு மார்பு ஒட்ட உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பக்கம் வந்த லாரியின் விளக்கு விழுந்தபோது அவன் நெற்றியில் வேர்வை மின்னியது. காற்று அந்த அடி அடிக்கிறது, அவனுக்கு வேர்க்கிறது.

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஒரு பெட்ரோல் பங்க் போனது, ஒரு பாலம் போனது.

"என்ன சத்தத்தக் காணோம்? போர்டு ஒண்ணும் வரலயா?"

எந்தப் பலகையும் வரவில்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு பக்கமும் வெறும் சீமைக்கருவேலம்தான். நாகஜோதி வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "இப்பத்தான போச்சு, பெரிய பலகை. வேடசந்தூர் பன்னெண்டுன்னு. பாக்கலயா?"

"ஆமாமா, பாத்தேன்" என்றான் பொன்னுத்துரை. "பன்னெண்டு."

மூன்று நாளாக இந்த வண்டியை யாருடைய கண் ஓட்டி வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி? பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஓரம் கட்டச் சொன்னால், ஓரம் எங்கே இருக்கிறது என்று இவனுக்குத் தெரியுமா? அவள் மெதுவாகப் பேசினாள். லாரியைப் போகவிடுங்கள், இடது பக்கம் காலியாக இருக்கிறது, கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவனும் ஏன் என்று கேட்காமல் சொன்னபடி செய்தான். லாரி தாண்டிப் போனது. லாரியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது அது போனபிறகுதான் தெரிந்தது.

ஒரு நூற்பாலை பஸ் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. பின்விளக்கில் ஒன்றுதான் எரிந்தது. வேலை முடிந்த பெண்கள் இறங்கி, டிபன் பையோடு பஸ்ஸுக்குப் பின்னாலேயே ரோட்டைக் கடக்க ஆரம்பித்திருந்தார்கள். பொன்னுத்துரையின் கால் ஆக்ஸிலரேட்டரில்தான் இருந்தது. அவன் எதையும் பார்க்கவில்லை.

அவள் கத்தவில்லை. கத்த நேரமில்லை. பானை மடியிலிருந்து உருண்டது. இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தாள். வேன் இடுப்பை ஒடித்துக்கொண்டு குறுக்கே திரும்பி, பின்னால் கிரைண்டர் இடித்த சத்தத்தோடு நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. கண்ணாடிக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில், நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர்.

அந்தப் பெண் வேனின் முகப்பில் ஓங்கித் தட்டினாள். "ஏய்யா, கண்ணு என்ன பொடதிலயா இருக்கு? இம்புட்டுப் பேரு நிக்கிறோம்." மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். குடித்திருக்கிறானா என்று ஊதிப் பார்க்கச் சொன்னாள் ஒருத்தி. பொன்னுத்துரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் கும்பிட்டான். கும்பிட்ட கை கொஞ்சம் தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து இருந்தது. நாகஜோதி அதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் பார்த்தாள். அதற்குமேல் அவள் திட்டவில்லை. மற்றவர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மணி 7.02. கிலோமீட்டர் 62,672.

வேனை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு இருவரும் சாலைத் தடுப்பில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நாளாக என்று அவள் கேட்டாள். ஒன்றரை வருடமாக என்றான். முதலில் இருட்டில் மட்டும் மங்கியதாம். பிறகு ஓரத்தில் இருப்பதெல்லாம் காணாமல் போக ஆரம்பித்ததாம். மார்ச்சில் மண்டிச் சுவரில் லாரியை உரசினானாம், வேலை போனது அதனால்தானாம், வண்டியைக் குறைத்ததாக அவளிடம் சொன்னது பொய்யாம். டாக்டரிடம் போகவில்லை. போனால் வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பகலில் எல்லாம் சரியாகத் தெரிகிறது, திண்டுக்கல் போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தானாம்.

"மில் பஸ்ஸு முதல் ட்ரிப் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

"நாலே முக்கால்."

"காலைலயா?"

அவன் தலையை ஆட்டினான்.

"இப்ப எறங்குனாகளே, அவுக மாதிரி நாப்பது பேர ஏத்திக்கிட்டு."

"வேற என்ன தெரியும் எனக்கு? அம்பது வயசுல என்னத்தப் போய்ப் படிக்க?" என்றான். பிறகு, "ஒன் தம்பிட்ட மட்டும் சொல்லாத, ஜோதி" என்றான்.

தம்பியை அவளுக்குத் தெரியும். முத்துக்கிருஷ்ணனிடம் தன் பேரை ஈடாக வைத்து வாங்கிய வேலை. இது தெரிந்தால் வாசலில் நின்றுகூடப் பேசமாட்டான். ஆனால் கண்ணாடிக்கு முன்னால் பையை அணைத்துக்கொண்டு நின்றவளின் முகம் அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. எழுந்து சாவியை எடுத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன். பால் பொங்கி முடியுறதுக்குள்ள நீங்க சொல்லணும். சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

7.20க்கு அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. நான்கு பக்க விளக்கையும் மின்னவிட்டு, இடது கோட்டை ஒட்டி, முப்பதில் போனாள். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் வேன் உதறியது. அவள் தாடை வலிக்கும் அளவுக்குப் பல்லைக் கடித்திருந்தாள். பொன்னுத்துரைக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் எஞ்சின் சத்தம் தெரிந்தது. முனகுது பாரு, நாலாவது போடு என்றான். பயந்துகொண்டே போட்டாள். பின்னால பெரிய வண்டி வருது, ஸ்டியரிங்க இறுக்காத, லேசாப் பிடி என்றான். அவளுக்கு முன்னால் அவன் காதுக்கு அது எட்டிவிடுகிறது. வேடசந்தூர் போனது. புறவழிச்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் வண்டி இரண்டு தடவை அணைந்தது. பஸ்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை. பேகம்பூர் பள்ளிவாசல் விளக்கு தெரிந்தபோது மணி 8.25. கிலோமீட்டர் 62,697.

பால் காய்ச்சாமல் வீட்டுக்குள் படுக்கக் கூடாது என்பதால் காதர் பீவி கீழே தன் வீட்டு முன்னறையிலேயே பாய் விரித்துக் கொடுத்தார். சாப்பிட்டீர்களா என்பதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. வேனுக்குள் கிடந்த பானையை நாகஜோதி எடுத்துப் பார்த்தாள். விளிம்பில் சின்னக் கீறல். உடையவில்லை. கீறல் விழுந்த பானையில் காய்ச்சலாமா என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

காலை 6.25க்கு அடுப்பைப் பற்றவைத்தாள். ஈஸ்வரன் மாலையும் பழமும் வாங்கி வந்திருந்தான். முத்துக்கிருஷ்ணன் சொன்னபடி ஆறரைக்கு வந்தார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் காக்கித் துணியும் ரூட் போட்ட காகிதமும் இருந்தன. அவர் நின்றுகொண்டே ரூட்டை விளக்கினார். முதல் நிறுத்தம் சித்தையன்கோட்டை, அடுத்தது செம்பட்டி, மொத்தம் நாற்பத்திரண்டு பெண்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் அப்பு, உங்களுக்கு எல்லாருமே சொந்தமாகத்தான் இருக்கும் என்று சிரித்தார். ஈஸ்வரனும் சிரித்தான். மச்சானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ரோட்டில் ஓட்டுவார் என்றான்.

நாகஜோதி அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. பால் விளிம்பில் நுரைத்து ஏறிக்கொண்டிருந்தது. கீறல் வழியாக ஒரு சொட்டு கசிந்து தீயில் சுரீர் என்றது. பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு, வாயைத் திறக்கத் திரும்பினாள்.

"சார்" என்றான் பொன்னுத்துரை. "எனக்கு இருட்டுனா கண்ணு தெரியாது. இந்தத் துணிய வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

ஈஸ்வரன் அவனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பால் டம்ளரை வாங்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டான். முத்துக்கிருஷ்ணன் போகவில்லை. டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்து முடித்தார். "இன்னைக்குச் சொன்னியே அப்பு, அது போதும்" என்று சொல்லிவிட்டு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஈஸ்வரன் ஆவணி பிறக்கும் வரை அக்காவோடு பேசவில்லை. மதுரையில் கண் டாக்டர் மூன்று தடவை வரச்சொல்லிப் பார்த்துவிட்டு, போன பார்வை திரும்பாது, இருப்பது மெல்லத்தான் குறையும், வண்டி மட்டும் ஓட்டவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இப்போது நாகஜோதி காலை ஐந்து மணிக்குக் காய்கறி மார்க்கெட்டில் சரக்கு ஏற்றி, ஏழு ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறாள். பொன்னுத்துரை பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருவான். மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. கியர் மாற்றத் தாமதித்தால் இன்றைக்கும் திட்டுவான். பலகை வாசிக்கச் சொல்வதில்லை.

அந்த மூன்று நாள் பயணத்துக்கு எழுதிய பக்கம் நோட்டில் இருக்கிறது. எல்லா வரியிலும் ஓட்டுநர் கட்டத்தில் பொன்னுத்துரை. கடைசி வரியில் மட்டும், 7.20 முதல் 8.25 வரை, 25 கி.மீ., நாகஜோதி. அந்த வரியை அவள் எழுதவில்லை. திங்கட்கிழமை காலை, முத்துக்கிருஷ்ணன் போனபிறகு, ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பொன்னுத்துரையே எழுதினான். கையெழுத்து கோணல்தான். ஆனால் வாசிக்க முடிகிறது.